கை யாருடையது?

செப்டம்பர் 6-ஆம் தேதியைக் காவலர் நாளாகக் கொண்டாடுவதென்று 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாடு சர்க்கார் தீர்மானித்தார்கள். அந்தத் தேதிக்கு என்ன விசேஷம் என்பதை நம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் கடமை நமக்கு வாய்த்தது. 1859-ஆம் ஆண்டு அதே தேதியில்தான் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு போலீஸ் சட்டம் பிறந்தது என்றும், இன்று நாம் காணும் காக்கிச் சட்டையின் வமிசாவளி அங்கிருந்துதான் தொடங்குகிறது என்றும் விளக்கினோம்.

முன்வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து, "அதற்கு முன்னால் திருடனை யார் சார் பிடித்தார்கள்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று நாம் மெச்சி முடிப்பதற்குள், கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "பிடித்தவர் அடித்தால் யாரிடம் சார் போய்ச் சொன்னார்கள்?" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் மணி அடித்து வெளியே வந்த பிறகு அந்தச் சிரிப்பு நம்மிடம் தங்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் விடைகளைக் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டு விடுகிறார்கள். சரித்திரப் புத்தகத்தில் அப்படி ஒரு பக்கம் கிடையாது. ஆகவே அந்த இரண்டு கேள்விகளையும் நேயர்கள் முன்னிலையில் ஒரு முறை ஆராய்ந்து பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். இரண்டும் நம் தர்மபுரி மண்ணோடு சம்பந்தப்பட்டவை.

முதற் கேள்விக்கு விடை எளிது. நம் கிராமங்களில் திருடனைப் பிடித்தவர் தலையாரி. ஊருக்குள் வந்த அந்நியர் யார், போனவர் யார், எந்தக் களத்தில் இரவு வெளிச்சம் தெரிந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்குக் கூலி சர்க்கார் கஜானாவிலிருந்து வரவில்லை. களத்து மேட்டில் அளந்து கொடுத்த தானியத்திலிருந்தும் மானிய நிலத்திலிருந்தும் வந்தது. தமிழ்நாட்டின் பல பாகங்களில், களவு போன பொருள் அகப்படாவிட்டால் காவற்காரரே நஷ்டம் கட்டித் தர வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. இந்த ஏற்பாட்டில் குற்றங்கள் இல்லாமலில்லை. காவற்காரர்களே கொள்ளைக்குக் கூட்டாளிகளான கதைகளும் உண்டு. ஆயினும் ஒன்று மட்டும் நிச்சயம்: தலையாரி தவறு செய்தால், மறுநாள் காலையில் அதே தெருவில்தான் அவர் நடந்தாக வேண்டும்.

1792-ல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் சேலமும் பாராமகாலும் கம்பெனியாரிடம் வந்தன. அவற்றை அளந்து வரி விதிக்கும் வேலை காப்டன் ரீட் என்பவருக்குக் கொடுக்கப்பட்டது. அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. கிளாஸ்கோ நகரத்தில் பிறந்து, பதினெட்டாம் பிராயத்தில் சென்னைக்குச் சிப்பாய் உத்தியோகம் தேடி வந்தவர் அவர். 1799 வரையில், ஏறக்குறைய ஏழு வருஷம், நம் தர்மபுரியில்தான் அவருடைய வாசம். இங்கே ஒரு தோட்டம் போட்டார். பிரிந்து போகும்போது பழைய நண்பனைப் பிரிவது போல வருந்தி எழுதினார். கிராமம் என்பது எப்படி நடக்கிறது, மணியக்காரர் சொல்லுக்கு என்ன மதிப்பு, தலையாரியின் வேலை என்ன என்பதையெல்லாம் அவர் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் இதுவே என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கிடையில் கம்பெனியார், வங்காளத்தில் காரன்வாலிஸ் பிரபு வகுத்த தாரோகா முறையை 1802-ல் சென்னை மாகாணத்திலும் புகுத்தினார்கள். ஊருக்கு அந்நியரான தாரோகா ஒருவர் சம்பளத்துக்கு வந்து உட்கார்ந்து, ஜில்லா ஜட்ஜின் கீழ் போலீஸ் வேலை பார்த்தார். அந்த முறை இங்கே சோபிக்கவில்லை. நீதி, போலீஸ் இலாகாக்களைச் சீர்திருத்துவதற்காக 1814-ல் சீமையிலிருந்து திரும்பி வந்த மன்றோ, 1816-ஆம் வருஷத்திய சட்டங்களினால் தாரோகாவை ஒழித்தார். கிராமத் தலைவரையும் தலையாரியையும் மறுபடி போலீஸ் வேலைக்கு உரியவர்கள் ஆக்கினார். இவ்வளவும் நன்மையே. ஆனால் அவர்களுக்கு மேலே தாசில்தாரையும், தாசில்தாருக்கு மேலே கலெக்டரையும் வைத்தார். வரி தண்டுகிறவர் யாரோ அவரே போலீஸ் எஜமானும் ஆனார்.

மன்றோ கெட்டவர் அல்லர். இந்தியர்களை உயர்ந்த பதவிகளிலிருந்து விலக்கி வைப்பது தவறு என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர். 1827-ல் கவர்னராக இருந்து சுற்றுப்பிரயாணம் செய்கையில், பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு அவர் இறந்தபோது, குடியானவர்கள் மெய்யாகவே துக்கப்பட்டார்கள். ஆனால் ஒரு நல்லவர் தம் நல்ல குணத்தை நம்பி வகுத்த ஏற்பாடு, அவருக்குப் பின் வருகிறவர்களின் கையில் என்ன ஆகும் என்பதற்குத் தனியே சரித்திரம் இருக்கிறது.

அந்தச் சரித்திரம் 1855-ல் அச்சாகி வெளிவந்தது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிப்பதற்காகக் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று 1854-ல் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் பேச்சு எழுந்தது. அப்படி ஏதும் இராது என்றே பலர் சொன்னார்கள். இருந்தாலும் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்டு ஒரு கமிஷன் அமைத்தார்கள். அந்தக் கமிஷனுக்கு வந்து சேர்ந்த முறையீடுகள் 1,959. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள், ரயில் இல்லாத காலத்தில், கால்நடையாக வந்தும் ஆள் பிடித்து மனு எழுதியும் தெரிவித்த முறையீடுகள் இவை என்பதை நேயர்கள் மறக்கக் கூடாது.

அந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் அடிக்கடி வருகின்றன. ஒன்று கிட்டி. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்குவது. மற்றொன்று அண்ணாந்தாள். மனிதனைக் குனிய வைத்து, அவன் மேல்துண்டையே கயிறாக்கிக் கழுத்தையும் கால்விரலையும் பிணைத்து, வெயிலில் நிறுத்தி, சில சமயங்களில் முதுகின்மேல் கல்லும் ஏற்றுவது. வரிப்பாக்கி ஒப்புக்கொள்ளவும் இதுவே. திருட்டை ஒப்புக்கொள்ளவும் இதுவே. இரண்டு வேலையும் ஒரே கச்சேரியில், ஒரே சேவகர் கையில் அல்லவா இருந்தன!

இங்கே உபாத்தியாயர் என்ற முறையில் நாம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணாந்தாள் என்ற சொல் கச்சேரிக்கு மட்டும் சொந்தமானதன்று. அந்நாளையத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பாடம் ஒப்பிக்காத பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரால் ஒரு தண்டனை இருந்தது. அடி உதவுகிறது போல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்ற பழமொழியைப் பள்ளிக்கூடமும் நம்பிற்று, கச்சேரியும் நம்பிற்று. ஆகவே கிட்டியை வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டு வந்தார் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு வரி, இந்தத் தேதிக்குள் வந்தாக வேண்டும் என்று எழுதிய கை யாருடையது? மழை பொய்த்த வருஷத்திலும் அந்தத் தொகை எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்காமல் கஜானாவில் வாங்கி வைத்த கை யாருடையது?

கமிஷன் அந்தக் கேள்விக்குள் அதிகம் புகவில்லை. சித்திரவதை நடப்பது மெய் என்று ஒப்புக்கொண்டது, பாராட்ட வேண்டியதே. ஆனால் குற்றத்தைக் கீழுள்ள சுதேசி உத்தியோகஸ்தர்கள் மீது சுமத்தி, மேலேயுள்ள துரைமார்கள் இதை வெறுப்பவர்களே, அறிந்து அனுமதித்தவர்கள் அல்லர் என்று விடுவித்தது. சீமையில் அப்போது அகதியாக வசித்த காரல் மார்க்ஸ் என்ற ஜெர்மானியர், 1857-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இந்த அறிக்கையை எடுத்துக்காட்டி எழுதினார். சிப்பாய்க் கலகத்தின் கொடுமைகளைப் பற்றிச் சீமை முழுவதும் பேசிக்கொண்டிருந்தபோது, ஆண்டவர்களின் கணக்கையும் பாருங்கள் என்பது அவருடைய வாதம்.

வரியையும் போலீஸையும் பிரித்தே தீர வேண்டும் என்ற முடிவு இந்த அறிக்கையிலிருந்து வந்தது. அங்கேதான் நம் கதாநாயகர் பிரவேசிக்கிறார். அவர் பெயர் வில்லியம் ராபின்சன். மலபாரில் உத்தியோகம் பார்த்த ஸிவிலியன். சென்னை மாகாணப் போலீஸுக்கு முதல் தலைவராக அவரை நியமித்தார்கள். 1859-ஆம் வருஷத்திய 24-வது சட்டம் அவருக்கு வேண்டிய ஆயுதமாக அமைந்தது. மாகாணம் முழுவதற்கும் ஒரே படை, ஜில்லாவுக்கு ஒரு சூப்பரிண்டெண்டெண்டு, அவருக்குக் கீழே இன்ஸ்பெக்டர்கள், அடியில் கான்ஸ்டபிள்கள். தாசில்தாரின் சேவகன் இனிமேல் ஒருவனைத் திருட்டுக் கேஸில் பிடித்து வந்து வரிக்காக நெருக்க முடியாது. சென்னை ஏற்பாடு மற்ற மாகாணத்தார் கண்ணையும் கவர்ந்தது. 1860-ல் இந்தியா முழுவதற்கும் போலீஸ் அமைப்பை ஆலோசிக்க ஒரு கமிஷன் கூடியபோது, ராபின்சன் அதில் அங்கத்தினர். அதன் பயனாக வந்ததே 1861-ஆம் வருஷத்திய 5-வது சட்டம்.

இந்தச் சீர்திருத்தங்களால் விளைந்த நன்மையை நாம் குறைத்துப் பேசக் கூடாது. காவலில் இருப்பவரை அத்துமீறித் தாக்கும் போலீஸ்காரருக்குத் தண்டனை உண்டு என்று 1861-ஆம் வருஷத்திய சட்டமே எழுதிற்று. அதே ஆண்டு கிரிமினல் நடைமுறைச் சட்டமும், பிறகு 1872-ல் சாட்சியச் சட்டமும், போலீஸ்காரரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று விதித்தன. உலகத்தில் எத்தனையோ தேசங்களில் இல்லாத கண்டிப்பான விதி இது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்திருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அது நிலைத்திருக்கிறது. முறையிட்ட அந்த 1,959 பேரின் கண்ணீர் வீண் போகவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

ஆனால் வேறொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அப்போது துரைமார்கள் கண் முன்னே இரண்டு மாதிரிகள் இருந்தன. 1829-ல் ராபர்ட் பீல் லண்டனில் அமைத்த போலீஸ் ஒன்று: துப்பாக்கி இல்லாமல் ஜனங்களுக்கு நடுவே நடப்பது. மற்றொன்று அயர்லாந்தின் போலீஸ்: ஜெயித்த நாட்டை அடக்கி வைக்க ஆயுதத்தோடு பாளையத்தில் வசிப்பது. ஸிந்து தேசத்தில் நேப்பியர் பின்பற்றியதும், பிறகு இந்தியா முழுவதும் பரவியதும் அயர்லாந்து மாதிரியே. லண்டன்வாசிக்கு ஒரு போலீஸ், நமக்கு வேறொரு போலீஸ்! மேலும், போலீஸ் சூப்பரிண்டெண்டெண்டை ஜில்லா மாஜிஸ்டிரேட்டின் பொதுக் கட்டுப்பாட்டில் வைத்தது 1861-ஆம் வருஷத்திய சட்டம். மாஜிஸ்டிரேட் என்பவர் யார்? கலெக்டரேதான். முன்வாசலால் அனுப்பிய விருந்தாளி புழைக்கடை வழியாகத் திரும்பி வந்தார்.

ராபின்சனோ மேலும் மேலும் உயர்ந்தார். கவர்னரின் ஆலோசனைச் சபையில் அங்கத்தினரானார். 1875 ஏப்ரலில் கவர்னர் ஹோபர்ட் பிரபு காலமானபோது, நவம்பர் வரையில் சென்னை மாகாணத்துக்கே தற்காலிகக் கவர்னராக வீற்றிருந்தார். ஸர் பட்டமும் பெற்றார். அவர் ஏறிய ஏணி நல்ல உறுதியான ஏணி. ஆனால் அவர் படையில் அடிப்படியில் நின்ற கான்ஸ்டபிளுக்கு அந்த ஏணி இல்லை. 1893 முதல் மேல் உத்தியோகத்துக்கு லண்டனில் பரீட்சை வைத்தார்கள்; இந்தியர் அதை எழுத முடியாது. 1902-ல் பிரேஸர் தலைமையில் மற்றொரு கமிஷன் ஊர் ஊராகச் சுற்றி விசாரித்து, போலீஸ் திறமையற்றது என்றும், லஞ்சத்துக்கும் கொடுமைக்கும் உறைவிடம் என்றே ஜனங்கள் அதைக் கருதுகிறார்கள் என்றும் முடிவு கூறியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் குற்றவாளி அதே கீழ்க்கைதான்!

இப்படி மேல்நோக்கி மட்டும் பதில் சொல்லப் பழகிய ஒரு படை, எஜமானர் காட்டிய பக்கம் பாய்வது இயற்கை. 1908 மார்ச் மாதத்தில் சிதம்பரம் பிள்ளையையும் சுப்பிரமணிய சிவத்தையும் சிறைப்படுத்தியபோது திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸார் சுட்டதில் நால்வர் மாண்டனர். ஊராரை அடக்கத் தண்டப் போலீஸை நிறுத்தி, அதன் செலவையும் ஊரார் தலையிலேயே வரியாகச் சுமத்தினார்கள். சிவம் சிறையிலிருந்து தொழுநோயோடு வெளிவந்தார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாதென்று தடுத்தார்கள். கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் தமிழ்நாடு சுற்றிய அந்த மகான், கடைசியில் வந்து தங்கிய இடம் நம் பாப்பாரப்பட்டி. பாரத மாதாவுக்கு அங்கே ஆலயம் எழுப்பக் கனவு கண்டார். 1923-ல் தேசபந்து தாஸ் அதற்கு அஸ்திவாரம் நாட்டினார். 1925 ஜூலை 23-ல் அங்கேயே சிவம் கண்ணை மூடினார். மன்றோ தோட்டம் போட்ட ஊருக்கும் சிவம் உயிர் நீத்த ஊருக்கும் நடுவே சில மைல்களே தூரம்.

1947-ல் எஜமானர் மாறினார். இனிமேல் அந்தப் படை நம்முடையது. அதில் இருப்பவர்கள் நம் பிள்ளைகள். நம்மிடம் படித்தவர்களே இன்று பல ஸ்டேஷன்களில் இருக்கிறார்கள். மழையில் நனைந்து திருவிழாக் கூட்டத்தைக் காக்கும் அவர்களைக் காணும்போது நமக்குப் பெருமையே உண்டாகிறது. ஆனால் அமைப்பு மாறிற்றா?

நம் ஜில்லாவில் அரூர் தாலூகாவில் வாச்சாத்தி என்று ஒரு மலையடிவாரக் கிராமம். 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, காட்டிலாகாவினரும் போலீஸாரும் ரெவின்யூ சிப்பந்திகளும் சேர்ந்து அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. ஆண் பெண் என்று பாராமல் அடித்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். 1855-ல் பிரிக்கச் சொன்ன கைகளெல்லாம் ஒரே நாளில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றே முதலில் அதிகாரிகள் சாதித்தார்கள். அந்தப் பெண்கள் விடவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரிக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் இறந்து போனார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 126 பேர் காட்டிலாகா, 84 பேர் போலீஸ், 5 பேர் ரெவின்யூ.

சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29-ல், சென்னை ஹைகோர்ட்டு அந்தத் தண்டனையை ஊர்ஜிதம் செய்தது. அத்தோடு நிற்கவில்லை. சம்பவம் நடந்த காலத்தில் ஜில்லாவுக்குக் கலெக்டராகவும், போலீஸ் சூப்பரிண்டெண்டெண்டாகவும், காட்டிலாகாத் தலைவராகவும் இருந்தவர்கள் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சர்க்காருக்கு உத்தரவிட்டது. நேயர்களே, நாம் இந்த விஷயத்தை எழுதப் புகுந்ததற்குக் காரணமே இந்த ஒரு வரிதான். கீழ்க்கை செய்த பாவத்தில் மேல்தலைக்குப் பங்கில்லை என்று 1855-ல் எழுதினார்கள். பங்கு உண்டு என்று 2023-ல் எழுதினார்கள். இரண்டு எழுத்துக்களுக்கும் நடுவே 168 வருஷம். அதை எழுத வைத்தவர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லர், வாச்சாத்திப் பெண்கள்.

உயர்ந்த உத்தியோகம் என்றால் என்ன என்று நம் குடும்பங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, ஜீப்பையும் சல்யூட்டையும் சொல்கிறோம். தமக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு கையும் தம் கையே என்று எண்ணி இரவில் தூக்கம் கெடுவதுதான் உயர்ந்த உத்தியோகம் என்று யாரும் சொல்வதில்லை. அப்படி எண்ணிய அதிகாரிகளும் இல்லாமலில்லை. போலீஸை ஆள்வோரின் இஷ்டத்திலிருந்து விடுவித்து, ஜனங்கள் முறையிடத் தனி அதிகார சபை அமைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டில் வழக்காடி, 2006-ல் சாதகமான தீர்ப்புப் பெற்ற பிரகாஷ் சிங் என்பவர், தாமே போலீஸில் உச்சப் பதவிகள் வகித்து ஓய்வு பெற்றவர்.

மறுநாள் வகுப்பில் அந்தக் கடைசிப் பெஞ்சுப் பையனை எழுப்பினோம். "நீ கேட்டதற்கு விடை கொண்டு வந்திருக்கிறோம். சொல்வதற்கு இடம் இருக்கிறது. நம் ஜில்லாவிலேயே சொன்னார்கள், மேலே இருந்தவர்களும் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பாயிற்று" என்று கூறி, இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதினோம்.

அவன் சற்று நேரம் பலகையைப் பார்த்தான். "முப்பத்தொரு வருஷமா, சார்?" என்றான்.

கணக்குச் சரிதான் என்று சொல்லி உட்கார வைத்தோம். இந்தத் தடவை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.